பாடகன் வாய் திறக்கும் முன்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர் சொன்னது. அதுவும் முழுதாகச் சொல்லவில்லை; வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதிக்கு நான்தான் பொறுப்பு. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கிட்டாரை அவர் மடியில் வைத்தபோது வெளியே மழை'

அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. கிரீஸ் ஏறிய தடித்த விரல்கள். பழைய ராக் பாட்டுகளின் தொடக்க இசையை மட்டும் கற்றுக்கொடுக்கும்படி கிட்டார் வாத்தியாரிடம் போய் நின்றார்.

"முழுப் பாட்டும் வேணாமா சார்?"

"வேணாம் மாஸ்டர். பாடகன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் போதும்."

காரணம் அவருடைய அக்கா. சின்ன வயதில் அவள்தான் டேப்பைப் போடுவாள். குரல் வருவதற்குள் பட்டென்று நிறுத்தி, "என்ன பாட்டு, சொல்லுடா" என்பாள். தெரியாவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது இவர் தலையில். இப்போது அக்காவுக்கு மறதி நோய். ஆறு மாதமாகத் தம்பியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்கிறாள். மனுஷனால் அதைத் தாங்க முடியவில்லை. பழைய இசை ஏதாவது ஒன்று தன்னை அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிடாதா என்ற நப்பாசை.

(மனைவி, பிள்ளை குட்டி உண்டா? நான் கேட்கவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.)

3

நான்கு மாதம். விரல்நுனி கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போனது. ஆறு பாட்டுகளின் தொடக்கம், இம்மி பிசகாமல். அக்காவின் கட்டிலருகே நாற்காலி போட்டு ஆறையும் வாசித்தார்.

"ஐயோ, இதென்ன சத்தம்? எடுத்துட்டுப் போங்க" என்றாள் அக்கா.

இங்கேயே முடித்துவிடப் பார்த்தேன். மனம் வரவில்லை.

4

மறுநாள் எங்கோ ஒரு லிஃப்டின் கதவுக்குப் பெல்ட் மாற்றும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் அவர்கள் வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரிலும் பெல்ட் தளர்ந்திருந்தது. அக்கா ஒரு பாட்டைக்கூட அதன் வேகத்தில் கேட்டதே இல்லை! எல்லாமே தாழ்ந்து, இழுத்து, தூக்கக் கலக்கத்தில் வருவது போல வரும். வாத்தியார் கற்றுக்கொடுத்தது சரியான பாட்டு. அக்காவுக்குத் தெரிந்தது தப்பான பாட்டு.*

ஆறு கம்பிகளையும் தளர்த்திக்கொண்டு போய் இழுத்து இழுத்து வாசித்தார். அக்கா திரும்பினாள். பாட்டின் பெயரைப் பட்டென்று சொன்னாள்.

"அக்கா!" என்றார்.

"நல்லா வாசிக்கிறீங்க" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் இருங்களேன். என் தம்பி ஸ்கூல் விட்டு வந்துருவான். அவனுக்கு இதுன்னா உயிர்."

* தப்பு எது, சரி எது என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

5

அவர் என்ன பதில் சொன்னார்?

'நாந்தான்க்கா உன் தம்பி' என்று எழுதிப் பார்த்தேன். அக்கா மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். 'சரிங்க, வரட்டும், இருக்கேன்' என்று எழுதினேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு ஒரு அக்கா இருந்தால், இந்தத் தம்பி என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.