பூபதியின் தோளில் பூத்த வாண்டா

பூபதியின் இடது தோளில் வாண்டா ஆர்க்கிட் வேர் பிடித்தது ஆடி மாதத்தில், ஓசூரில் தக்காளி கிலோ எண்பதுக்கு விற்றபோது. அவர் குடியிருந்த லேஅவுட்டில் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். சிப்காட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். சில வருடங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து ஆசை ஆசையாய் ஆர்க்கிட் செடிகள் வாங்கிவந்து, செம்மண்ணில் சாணம் கலந்து புதைத்து, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, ஒன்று தவிர எல்லாவற்றையும் அழுகவைத்த மகானுபாவர் அவர். மிஞ்சிய ஒன்றை அவர் மனைவி மேகலா பிடுங்கி, கெட்ட வேரை நறுக்கிவிட்டு, கரித்துண்டு போட்ட மரக்கூடையில் வைத்து பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டாள். மண்ணே கேட்காத செடி அது. வேரைக் காற்றில் தொங்கவிட்டு ஈரத்தைக் குடிக்கும். சாம்பல் வேர் பச்சையாகும்வரை காலையில் தண்ணீர் தெளிப்பதும், மார்கழிக் குளிரில் உள்ளே தூக்கி வைப்பதும் மேகலாவின் வேலை. நீலப் பூ பூத்ததும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது பூபதியின் வேலை. அதில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை.

ஊர் மலர்க் காட்சியில் பரிசு கிடைத்தபோதெல்லாம் மைக்கில் கூப்பிட்டது அவர் பெயரைத்தான். "ஏங்க, ஒருதரம் என் பேரைச் சொல்லச் சொல்லுங்களேன்" என்று மேகலா கேட்டாள். "தண்ணி தெளிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி? ஐடியா யாருது?" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த மைக்கில் தன் பெயர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூபதி செடிக்கு அடியில் நாற்காலி போட்டு செல்போனோடு உட்கார்வார். காபி, சோறு, மறுபடி காபி எல்லாம் அங்கேயே வரும். ஆர்க்கிட்டுக்கு அசையாத பிடிமானம் ஒன்று வேண்டும். அந்த வீட்டில் பூபதியைவிட அசையாத பொருள் கிடையாது. வேர்கள் கூடையிலிருந்து இறங்கி சட்டையைத் துளைத்துத் தோளைப் பற்றிக்கொண்டன. ஒரு சாயங்காலம் அவர் எழுந்தபோது செடியும் சேர்ந்து எழுந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் எலும்பைச் சுற்றிவிட்டது, இப்போது வெட்டினால் செடி தாங்காது என்றார். கம்பெனி அவருக்கு லீவு கொடுத்தது. அவர் இல்லாததால் ஒரு பம்புகூடக் குறையவில்லை.

மேகலா பழையபடி தெளித்தாள். காலை வெயிலில் அவரை உட்காரவைப்பாள், பதினோரு மணிக்கு நிழலுக்கு நகர்த்துவாள். தை மாதம் தோளெல்லாம் நீலக் கொத்தாய்ப் பூத்தது. பூபதிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச்சட்டையின் இடது கையை வெட்டிப் போட்டுக்கொண்டு மலர்க் காட்சிக்குக் கிளம்பினார். ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் நடுவில் அவரை ஒரு மேசைமேல் உட்காரவைத்தார்கள்.

நடுவர் அவரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேரைத் தொட்டுப் பார்த்து, "செடி யாருதுங்க?" என்றார்.

"என்னுது சார்" என்றார் பூபதி, நெஞ்சை நிமிர்த்தி.

"நீங்க வெறும் பூந்தொட்டிங்க. தொட்டி பேர்ல எப்படிப் பரிசு குடுக்கறது? வளத்தது யாரு?"

"நான்தாங்க" என்றாள் மேகலா. கையில் ஸ்ப்ரே பாட்டில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை கூப்பிட வைத்தாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மேகலாவுக்கு இலவச டிக்கெட்டும் பூபதிக்கு லக்கேஜும் போட்டார். பூபதியும் அந்த லக்கேஜ் டிக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஜன்னலோரமா வைங்கண்ணா, அதுக்குக் காத்து வேணும்" என்றாள் மேகலா கண்டக்டரிடம். ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து இடம் விட்டார்.