இடது கால் கியர்

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வியே விற்பனைப் பெண்ணைத் திகைக்க வைத்தது.

“ஒண்ணரைக் காலை வெச்சுக்கிட்டு ஓட்டற மாதிரி வண்டி ஏதாவது இருக்காம்மா?”

சொல்லிவிட்டுக் கட்டை விரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். கதவு மூடிக்கொள்வதற்குள் உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளப் பாடுபட்டுக்கொண்டிருந்தான் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இடது கணுக்காலுக்குக் கீழே அவனுக்குக் கால் என்பது பேருக்குத்தான், கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். மடங்காது, திரும்பாது, சும்மா கூட வரும். அவனுக்கு ‘ஒன்றரை’ என்று பெயர் வைத்தவரே முதலாளிதான். இப்போது தோட்டத்தில் எல்லோருக்கும் அவன் ஒன்றரை. கூடப் பிறந்த அக்காவே சில நாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

ஒன்றரை சிரித்து வைத்தான். இன்று எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பது என்ற முடிவோடு வந்திருந்தான். நேர்காணலுக்குப் போகிறவன் மாதிரி அவன் மனைவி விடியலிலேயே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

முதலாளிக்கு முந்நூறு ஏக்கரில் மரத் தோட்டம். எல்லாம் மேடும் பள்ளமும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வேலியை ஒட்டி முழுதாகச் சுற்றி வர வேண்டும். எங்கே கம்பி அறுந்திருக்கிறது, எந்த மரத்தில் கோடாலி விழுந்திருக்கிறது, பம்பு ஓடுகிறதா, காய்ந்த சருகில் எவனாவது பீடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானா... இதுதான் மேற்பார்வையாளர் வேலை. எட்டு வருடமாக ஒன்றரையின் வேலை. ஜீப் போகாத தடம் அது. நாலு சக்கர பைக்கில்தான் போக முடியும். பழைய வண்டியின் இரும்புச் சட்டம் போன மாதம் முறிந்து இரண்டாகிவிட்டது.

இன்று வாங்கப் போகிற வண்டி அவனால் ஓட்ட முடிந்ததாக இருந்தால் வேலை தங்கும். இல்லையென்றால் முதலாளியின் அக்கா மகன் தயாராக இருக்கிறான், ஜிம்முக்குப் போய் வளர்த்த தோளோடு. அப்புறம் ஒன்றரைக்கு வாசல் கேட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வந்து போகிற லாரி நம்பரை எழுத வேண்டும். தோட்டத்தில் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. உட்கார வைத்துச் சோறு போடுவது என்பார்கள்.

கடையில் தோட்டத்துக்கு ஆகிற வண்டிகள் இரண்டுதான் என்றாள் விற்பனைப் பெண். ஒன்று பச்சை. கியரே கிடையாது, ஆட்டோமேட்டிக். வலது கட்டை விரலால் ஒரு லீவரை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். இன்னொன்று சிவப்பு. கிளட்ச் உண்டு, ஐந்து கியர் உண்டு. கிளட்சை இடது கையால் பிடித்து, கியரை இடது காலால் மாற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் குரல் லேசாகத் தணிந்தது.

“முதல்ல பச்சை,” என்றார் முதலாளி. “ஏறுடா ஒண்ணரை. சிமெண்டு மூட்டை ரெண்டு பின்னாடி கட்டச் சொல்லு. சும்மா பூப்போல ஓட்டிக் காமிச்சா நான் நம்ப மாட்டேன்.”

கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே மண்ணைக் கொட்டி ஒரு குன்று எழுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் நேர் ஏற்றம். இன்னொரு பக்கம் குன்றின் இடுப்பைச் சுற்றிப் போகும் சாய்ந்த தடம். நடுவில் கட்டைகள், சேறு, சரளை.

ஒன்றரை ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் வேறு ஆள். ஏற்றத்தில் முன்னால் படுத்தான், இறக்கத்தில் பின்னால் நகர்ந்தான், சாய்ந்த தடத்தில் உடம்பை மேட்டுப் பக்கம் முழுதாகத் தொங்கவிட்டான். கட்டைகளின் மேல் இரண்டு மூட்டையோடு சத்தமில்லாமல் ஏறி இறங்கினான். சேற்றில் சக்கரம் சுழலத் தொடங்கியதும் விரலை எடுத்து, ஒரு நொடி பொறுத்து, மறுபடி அழுத்தி வெளியே வந்தான். கடை மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்தார். இத்தனை நாளில் இந்த மேட்டை இப்படி யாரும் ஏறியதில்லை என்று விற்பனைப் பெண்ணிடம் சொன்னார். அது முதலாளியின் காதிலும் விழுந்தது.

இறங்கி வந்தபோது ஒன்றரையின் முகத்தில் சேறு. நெஞ்சில் நம்பிக்கை.

முதலாளி பச்சையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். பிறகு சிவப்பின் இருக்கையைச் செல்லமாகத் தட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு என்னமோ செவப்புதான் மனசுக்குப் பிடிக்குது.”

ஒன்றரை சிவப்புக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். ஏன் என்று கேட்டான். கியர் வண்டிதான் ஆம்பளை வண்டி என்றார். பச்சையில் பெல்ட் அறுந்துபோகும் என்றார். மெக்கானிக் குறுக்கே வந்து அப்படியெல்லாம் அறுந்துபோகாது என்றதை அவர் காதில் வாங்கவில்லை. ஒன்றரை கெஞ்சினான். எட்டு வருடத்தைச் சொன்னான், வேலியில் ஒவ்வொரு கம்பத்தையும் தனக்குத் தெரியும் என்றான், கடைசியில் அக்கா பேரையும் இழுத்தான். முதலாளி சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

முதலாளிக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பார், ஆனால் அழ வைத்துவிட்டுத்தான் கொடுப்பார். லீவு கேட்டு எழுதிக் கொடுத்தால் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பையில் போடுவார். கேட்டவன் கண் கலங்கி வாசல் வரை போனதும் கூப்பிட்டு, “போடா, போய்த் தொலை, ரெண்டு நாள் எடுத்துக்க” என்று சிரிப்பார். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஒன்றரைக்கும் தெரியும்.

ஆனால் அந்த நிமிடம் அது அவன் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது வேறொரு நாள்.

நாலு வருடம் முன்பு, அதுவரை வேலியை நடந்தே சுற்றியவனுக்குப் பழைய வண்டி புதிதாக வந்த நாள். பைக் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய கம்ப சூத்திரம் என்று சொல்லி, ஒரு வார்த்தை கற்றுக்கொடுக்காமல் அவனை மேட்டுக்கு அனுப்பினார் முதலாளி. வண்டி சாய்ந்தது. பைக்காரன் செய்வதைத்தான் அவனும் செய்தான். விழாமல் இருக்கக் காலை ஊன்றினான். பின் சக்கரம் காலை இழுத்து அதன் மேல் ஏறியது. பைக்கில் கால் ஊன்றினால் பிழைப்பாய், நாலு சக்கரத்தில் ஊன்றினால் கால் போகும். அதை அவன் எலும்பைக் கொடுத்துக் கற்றான்.

அந்த நாலு வருடத்தில் முதலாளி பெயர் வைத்தார், கிண்டல் செய்தார், அவன் நடப்பது போல நடந்து காட்டி விருந்தாளிகளைச் சிரிக்க வைத்தார். அது எப்படி நடந்தது என்று மட்டும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

முதலாளி விற்பனைப் பெண்ணைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். அவள் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டாள். ஒன்றரை தூரத்தில் நின்று பார்த்தான். முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்த முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“செவப்ப நானே ஓட்டிப் பாக்கறேன். முப்பது வருஷமா புல்லட் ஓட்டறவன் நான்.”

விற்பனைப் பெண் ஹெல்மெட்டை நீட்டினாள். ஏறுவதற்கு முன் ஐந்து விதிகளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது கடையின் கட்டாயம். முதல் விதி, ஹெல்மெட். இரண்டாவது, ஒருவர் மட்டும். மூன்றாவதில் பாதி வந்தபோது முதலாளி சாவியைத் திருப்பிவிட்டார். எஞ்சின் உறுமியது. அவள் பதறிப்போய் ஒன்றரையைப் பார்த்தாள்.

“அண்ணா, நாலாவதுதான் ரொம்ப முக்கியம். நீங்களாவது சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு.”

காலைக் கீழே ஊன்றாதே என்கிற அந்த நாலாவது விதி ஒன்றரைக்குப் படிக்காமலே தெரியும். முதலாளி திரும்பி அவனைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

“அவருக்குத் தெரியாததா?” என்றான் ஒன்றரை.

முதலாளி கிளம்பினார். நேர் ஏற்றத்தில் ஜோராகத்தான் போனார். உச்சியில் ஏறி நின்று கையை ஆட்டினார். இறங்கி வந்து சாய்ந்த தடத்தில் திருப்பினார். புல்லட்டில் சாய்வது போலப் பள்ளத்துப் பக்கமே சாய்ந்தார். ஒன்றரை தன்னை அறியாமல் தடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். வண்டியின் மேட்டுப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு விரல். ஒரு சாண்.

முதலாளியின் இடது கால் கீழே வந்தது. செருப்புப் போட்ட கால். மண்ணில் அழுத்தி ஊன்றியது.

ஒன்றரை கண்ணை மூடவில்லை.

எஞ்சின் திணறி அணைந்ததும் எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு முதலாளியின் சத்தம் மட்டும் கேட்டது. இருக்கையிலிருந்து சரிந்து மல்லாந்து கிடந்தார். இடது பின் சக்கரம் அவர் கணுக்காலின் மேல் ஏறி, அங்கேயே உட்கார்ந்திருந்தது. விற்பனைப் பெண் மெக்கானிக்கைக் கூப்பிட்டபடி கடையை நோக்கி ஓடினாள். பக்கத்தில் போய்ச் சேர்ந்தவன் ஒன்றரை ஒருவன்தான்.

“எடுடா... வண்டிய எடுடா மச்சான்...”

மச்சான் என்று அவர் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது என்று ஒன்றரை யோசித்துப் பார்த்தான்.

வண்டி முதல் கியரில் நின்றிருந்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் ஒரு சாண் பின்னால் உருளும், கால் வெளியே வந்துவிடும். எஞ்சின் அணைந்த வண்டியில் கியர் லீவரைக் கையால் தட்டினாலும் விழும். கிளட்ச் இல்லாத பழைய வண்டியில் எத்தனையோ தடவை குனிந்து அவன் அப்படித்தான் தட்டியிருக்கிறான்.

அவன் குனியவில்லை.

“எடுத்துடலாம் அத்தான். ஆனா இது இடது கால் கியராச்சே,” என்றான். “எனக்கு இடது கால் இல்லையே.”

முதலாளி அவனைப் பார்த்தார். அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்பது வலியைத் தாண்டி அவருக்குப் புரிந்தது. மெக்கானிக் ஓடி வந்து சேர இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் ஒன்றரை அவருடைய தலைக்கு வெயில் படாமல் நிழலாக நின்றுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். இடது கணுக்காலில் எலும்பு நொறுங்கியிருக்கிறது, தகடு வைத்தாயிற்று, ஆறும், நடக்கலாம், ஆனால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா சுவரோரம் நின்று அழுதாள். ஒன்றரை கால்மாட்டில் நின்றான். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது, பழக்கம்தான்.

“உனக்கும் இப்படித்தான் ஆச்சா?” என்று கேட்டார் முதலாளி. குரலில் உயிர் இல்லை.

“இப்படியேதான்.”

“ஒரு வார்த்தை சொல்லலையேடா.”

“நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே அத்தான்.”

விற்பனைப் பெண் ஆப்பிள் பையோடு வந்தாள். கடை சார்பில் வருத்தம் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அன்று ஐயா சொன்னபடி எழுதி வைத்தது, கையெழுத்து மட்டும் பாக்கி, இப்போது ஆர்டரை ரத்து செய்வதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டாள். முதலாளி கையை நீட்டவில்லை. அவள் அதை ஒன்றரையிடம் கொடுத்தாள்.

அவன் படித்தான். வண்டி: பச்சை, ஆட்டோமேட்டிக். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவனுடைய பெயர். ஒன்றரை என்று அல்ல. நிஜப் பெயர். தகப்பன் பெயரோடு.

“அன்னைக்கே பச்சைதான்ணா எழுதச் சொன்னாங்க,” என்றாள் அவள். அவனுக்குச் சந்தோஷம் தரும் என்று நினைத்துத்தான் சொன்னாள். “செவப்பு சும்மா. உங்களக் கொஞ்ச நேரம் அலற விட்டுட்டு அப்பறம் சொல்லலாம்னு சொல்லிச் சிரிச்சாரு.”

அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். ஒரு மாதமாகத் தினமும் இதற்காகவே அவரோடு சண்டை போட்டு, போன வாரம்தான் சம்மதிக்க வைத்தாளாம். தம்பியிடம் சொல்லாதே, நானே சொல்கிறேன் என்றாராம்.

ஒன்றரை படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“பேனா இருக்காம்மா?” என்றார் முதலாளி.

வாங்கினார். மச்சான் கையிலிருந்த படிவத்தையும் இழுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டு, அவன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி ஒன்று போதும் என்றார். இனி தனக்கும் கால் கியர் ஆகாது, வேலியைத் தானே சுற்றிக்கொள்வதாகச் சொன்னார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுக்குத் தன் காலைக் காட்டினார். அவள் சுவரோரம் திரும்பிப் போய் நின்றாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலை நேரம். கேட்டுப் பக்கத்து நாற்காலியில் ஒன்றரை உட்கார்ந்திருக்கிறான். சட்டையில் இஸ்திரி இல்லை. தொலைவில் கட்டை விரல் வண்டியின் மெல்லிய உறுமல். பச்சை வண்டி வந்து கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. பக்கத்திலேயே ஆள் இருந்தும் முதலாளி ஹாரன் அடிக்கிறார். அவன் எழுந்து, காலை இழுத்துப் போய்க் கேட்டைத் திறக்கிறான்.

முதலாளி தாண்டிப் போகிறார். இருபதடி போய், அவன் கேட்டை மூடும்வரை காத்திருந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்.

“எதையோ மறந்துட்டேன்,” என்கிறார். “மூடிட்டியா? மறுபடி தொற ஒண்ணரை.”