ஸ்னேர் மேல் ஒரு பர்ஸ்

பிரென்டிஸ் தன் பர்ஸை எடுத்து ட்ரம்மர் ஒர்லீனா தன் முன்னால் வைத்து அடிக்கும் ஸ்னேர் என்ற சின்ன ட்ரம்மின் தோல்மேல் வைத்து, டேப் போட்டு ஒட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவர் தட்டில் உப்பு அள்ளிப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நியூயார்க்கிலிருந்து வந்த தயாரிப்பாளர் அவர். பாட்டு தன்னுடையது என்றால் ட்ரம்மும் தன்னுடையது என்ற நினைப்பு.

1974-ல் எல்லா ஊரிலும் இதே பைத்தியம்தான். ட்ரம் கணீரென்று ஒலிக்கக் கூடாது, தலையணையில் குத்தியது போல அடங்க வேண்டும் என்று துண்டைப் போர்த்தினார்கள், பர்ஸை ஒட்டினார்கள். அலபாமாவில் இருந்த இந்தச் சின்ன ஸ்டூடியோவையும் அது விட்டு வைக்கவில்லை.

ஒர்லீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கனையும் கைதட்டலையும் மீறிக் கேட்க வேண்டுமென்றே அவள் அந்தத் தோலை இறுக்கி வைத்திருந்தாள். அந்தக் கணீரைக் கேட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இது முதல் ரெக்கார்டு. மதியத்துக்குள் சத்தம் சரிவராவிட்டால் நாஷ்வில்லிலிருந்து வேறு ஆளை வரவழைப்பதாகச் சொல்லிவிட்டு, பிரென்டிஸ் மீன் வறுவல் சாப்பிடப் போனார். பர்ஸ் ட்ரம்மேல் இருந்ததால் அதுவும் ஸ்டூடியோ முதலாளி செலவுதான்.

அவர் கார் கிளம்பியதும் ஒர்லீனா பர்ஸைப் பிய்த்தெடுத்தாள். நேராக ஒலிப்பதிவாளன் ஹாய்ட்டிடம் போனாள்.

“உண்மையைச் சொல்லு ஹாய்ட். என் ட்ரம் அவ்வளவு மோசமாவா கேக்குது?”

“ரூம்ல நின்னு கேட்டா நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கர்லதான் தகர டப்பா மாதிரி வருது.”

“அப்ப கோளாறு என் ட்ரம்ல இல்ல, உன் மைக்ல இருக்கு.”

ஹாய்ட்டுக்குச் சுருக்கென்றது. முணுமுணுத்துக்கொண்டே போய்க் குனிந்து பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாதக்கணக்காகப் பர்ஸ் ஒட்டிய செத்த ட்ரம்களையே பதிவு செய்து பழகிய கை அது. மிச்சமிருக்கும் கொஞ்ச ஒலியையாவது பிடிப்போமே என்று மைக்கை விளிம்புக்கே திருப்பி வைக்கும். உயிரோடு இருக்கும் ட்ரம்முக்கும் அதையே செய்திருந்தான். விளிம்பில் வெறும் ரீங்காரம்தானே கிடைக்கும்?

மைக்கைக் கொஞ்சம் உயர்த்தி, குச்சி விழும் நடுவிடத்தைப் பார்க்கச் சாய்த்தான். ஒர்லீனா அடித்துக் காட்டினாள். அப்போதும் பிடிக்கவில்லை. அந்த விலை உயர்ந்த ஜெர்மன் மைக்கைக் கழற்றிவிட்டு, மேடைப் பாடகர்கள் கையில் அடிபட்டுச் சப்பையான மைக் ஒன்றை மாட்டினான். அடியின் பலம் வந்தது, ஆனால் கனம் வரவில்லை. ட்ரம்முக்குக் கீழே, அடித்தோலில் கட்டிய கம்பிச் சுருள்களின் சலசலப்புக்காக இன்னொரு மைக் இருந்தது. குச்சி விழும்போது தோல், மேலே இருக்கும் மைக்கை விட்டு விலகும், கீழே இருக்கும் மைக்கை நோக்கி வரும். கீழ் மைக்கில் வரும் ஒலி அலையைத் தலைகீழாக்காவிட்டால் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதற்கான சுவிட்சைப் போட மறந்திருந்தான். போட்டான். ஸ்பீக்கரில் ட்ரம் எழுந்து நின்றது.

பிரென்டிஸ் திரும்பி வந்தார். சிம்பல் தகடுகள் மறைத்ததில் ஸ்னேர் அவர் கண்ணில் படவில்லை. ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. டேப்பைக் கேட்டுவிட்டு அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

“பர்ஸ் வேலையைக் காட்டிடுச்சு பாத்தீங்களா?”

வாயைத் திறக்காதே என்று ஹாய்ட்டின் கண்கள் கெஞ்சின. திறக்காவிட்டால் ரெக்கார்டு அவளுக்கு, பெயர் பர்ஸுக்கு. ஒர்லீனா உள்ளே போய், நாற்காலிக்கு அடியில் கிடந்த பர்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்க சாப்பிடப் போனதுலேர்ந்து இது நாற்காலிக்கு அடியிலதான் கெடந்தது சார்.”

பிரென்டிஸின் முகம் சிவந்தது. பர்ஸை ஒட்டி மறுபடி வாசிக்கச் சொன்னார், இல்லையென்றால் நாஷ்வில்லுக்குப் போன் போடுவதாக மிரட்டினார். ஒர்லீனா மறுபடி உள்ளே போய், ஸ்னேரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

“ஸ்டாண்டு இருக்கு, மைக் இருக்கு, உங்க பர்ஸும் இருக்கு. பதிவு பண்ணிக்குங்க.”

அவள் கதவைத் தொட்டபோது ஹாய்ட் யாரையும் கேட்காமல் டேப்பை ஓடவிட்டான். ஸ்னேர் கணீர் கணீரென்று அறையை நிறைத்தது. பிரென்டிஸின் கால் அவரைக் கேட்காமலே தாளம் போட்டது. பாட்டு முடியும்வரை போன் பக்கம் அவர் திரும்பவில்லை. முடிந்ததும் பர்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அடுத்த பாட்டையும் இதே மாதிரி எடுத்துடலாம்.”

ஒர்லீனா ட்ரம்மை அவர் முன்னால் நீட்டினாள்.

“எடுக்கலாம். நீங்க ஒட்டின டேப்போட பிசின் என் ட்ரம் தோல்ல அப்பியிருக்கு. அதைத் தொடச்சுக் குடுங்க, ஆரம்பிக்கலாம்.”

பிரென்டிஸ் கைக்குட்டையை எடுத்தார்.