உர்போ வெட்டாமல் விட்ட மரம்

எங்கள் கட்டடத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். லிஃப்ட்டில் ஒரு “ஹெய்”, அத்தோடு பேச்சு முடிந்தது. மற்ற சண்டையெல்லாம் கீழே அறிவிப்புப் பலகையில், காகிதத்தில்தான்.

பிப்ரவரியில், குவோப்பியோ ஊரே பனிச்சறுக்கு விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் உர்போ ஒரு காகிதம் ஒட்டினார். முற்றத்துப் பிஹ்லயா மரத்தை மார்ச்சில் வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் போடப்போகிறார்களாம். ஆட்சேபனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கீழே எழுதலாம், பெயரோடு.

அது என் சமையலறை ஜன்னலை ஒட்டி நிற்கிற மரம். மிச்சமிருக்கும் சிவப்புப் பழத்துக்குக் கொண்டைக் குருவிகள் வரும். குளிர்காலத்தில் என் வீட்டுக்கு வேறு யார் வருகிறார்கள்? நான்கு ஆட்சேபனைகள் எழுதினேன். பெயர் போட வேண்டுமே என்று நான்கையும் கிழித்தேன்.

திங்களன்று சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் முற்றத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி மரத்தை அளந்தாள். நோட்டில் ஏதோ குறித்தாள்.

குப்பைக் கொட்டகையில் கீழ்வீட்டுத் தௌனோவைப் பார்த்தேன்.

“யாருங்க அது?”

“மரம் வெட்டுற ஆளு. பாத்தா தெரியல?”

“கேட்டுப் பாக்கலாமே.”

“கேளுங்களேன். நானா வேணாம்னேன்?”

இருவரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

உர்போவும் கேட்கவில்லை. ஆனால் அவர் பயம் வேறு. மாடிப்படியில் என்னை மடக்கி, “நகராட்சி ஆளுங்க. அளந்து அளந்து எழுதுறாங்க. மரத்த வெட்டி நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மறுநாள் மரத்தைச் சுற்றிப் பனியைத் தள்ளினார், அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார். பலகையில் புதுக் காகிதம்: “நம் அருமை மரம் வெட்டப்படாது.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தக் கிறுக்கில் வியாழனன்று கீழே இறங்கிப்போய் அவளிடம் பேசியே விட்டேன்.

“நகராட்சியா? நானா?” அவள் சிரித்தாள். பெயர் சைமி. அக்கா வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பள்ளி ஆசிரியை. “எனக்குச் சறுக்கத் தெரியாதுங்க. சும்மா இருக்க முடியாம வரையறேன்.”

நோட்டைக் காட்டினாள். பனி மூடிய மூன்று பூர்ச்ச மரங்கள், குப்பைக் கொட்டகை, உர்போவின் கார், எல்லாம் அத்தனை அழகு. பிஹ்லயாவைக் காணோம்.

“அதுவா? மூணு நாளா மல்லுக்கட்டினேன். கிளை சரியா வரல. அழிச்சிட்டேன்.”

பின்னால் காப்பிக் குடுவையோடு உர்போ நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவளுக்குக் காப்பி ஊற்றாமலே திரும்பிப் போனார்.

வெள்ளி காலையில் பழைய காகிதம் மறுபடி பலகையில் இருந்தது. வாயைத் திறந்து நானே மரத்துக்கு உலை வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. பேனாவை எடுத்து, “வெட்டக் கூடாது. இர்யா, நாலாம் மாடி” என்று தடித்த எழுத்தில் எழுதினேன்.

மாலையில் போய்ப் பார்த்தால் என் பெயருக்குக் கீழே பதினான்கு பெயர்கள், முதலில் தௌனோ. மரம் இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.