ஹெவரின் வீடு

அட்ராக்டா மெலட்டின் விடுதி வாசலில் வந்திறங்கிய கனடாக்காரர், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கையை நீட்டித் தன் முழுப்பெயரைச் சொன்னார்: ராய் ஹெவரின். தொலைபேசியில் அறை கேட்டபோது ராய் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"உள்ள வாங்க, தேநீர் போடறேன்" என்றாள் அட்ராக்டா. டிரம்கல்லா ஊரில் என்ன பேசுவதென்று தெரியாதபோது எல்லோரும் சொல்வது அதுதான்.

ராய்க்கு எழுபது வயதிருக்கும். உயரமானவர், காது கொஞ்சம் மந்தம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க தாத்தா பொறந்தது இந்த ஊர்தான்" என்றார். "அவர் இருந்த வீட்டைப் பாக்கணும். எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்பப் பழைய விஷயமாச்சே" என்றாள் அவள். "மடாலயத்தைப் பாத்துட்டீங்களா? வெளியூர்க்காரங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் பாப்பாங்க."

அந்த வீடு எங்கே என்று ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை. அட்ராக்டாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அவள் லவெல் குடும்பத்தில் பிறந்தவள்.

அவளுடைய பாட்டனாரின் தகப்பன் காலத்தில், அடுத்தடுத்துப் பெய்த மழையில் உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகியது. குத்தகைப் பணம் கட்ட முடியவில்லை. பண்ணையாரின் ஆட்கள் வந்து லவெல்களைக் குழந்தை குட்டிகளோடு சாலையில் தள்ளினார்கள். அப்படிக் காலியான நிலத்தை யாரும் எடுக்கக் கூடாது என்பது அன்று ஊர்க் கட்டுப்பாடு. ராயின் கொள்ளுத்தாத்தா தாமஸ் ஹெவரின் எடுத்தான். அடுப்புச் சாம்பல் ஆறுவதற்குள் குடும்பத்தோடு அந்த வீட்டுக்குள் போய்விட்டான் என்பார்கள்.

யாரும் அவனை அடிக்கவில்லை. ஒதுக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். கடையில் அவனுக்கு உப்பு கிடைக்கவில்லை. கொல்லன் அவன் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. கோயிலில் அவன் குடும்பம் உட்கார்ந்தால் அந்த வரிசை முழுவதும் எழுந்து போனது. சில வருடம் தாக்குப்பிடித்துவிட்டு அவர்கள் கப்பல் ஏறினார்கள். பிறகு சட்டம் மாறி நிலம் லவெல்களிடமே திரும்பி வந்தது. ஆனால் அந்த வீட்டில் அவர்கள் குடியேறவில்லை. பக்கத்தில் வேறு வீடு கட்டிக்கொண்டு, பழையதை மாட்டுக்குக் கொடுத்தார்கள். ஹெவரின் படுத்த இடத்தில் மாடு படுக்கட்டும் என்று. இன்றும் அதில் அட்ராக்டாவின் அண்ணன் லூக்கின் மாடுகள்தான் நிற்கின்றன.

ராய் ஊரெல்லாம் விசாரித்தார். மதுக்கடைக்காரன், "ஹெவரினா? அது அடுத்த மாவட்டத்துப் பேராச்சே" என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கிளாஸை அதிகமாகவே நிரப்பினான். தபால் நிலையத்துப் பெண் ஏரித்தீவுக்குப் படகு எப்போது கிளம்பும் என்று சொன்னாள். பாதிரியார் புனிதக் கிணற்றுக்கு வழி காட்டினார். எல்லோரும் அவரைப் பார்த்தால் வணக்கம் சொன்னார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், கனடாவில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். அந்த வீடு எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

லூக் கடைத்தெருவில் தங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன அட்ராக்டா, ஹெவரினுக்குக் காலைல பன்றிக்கறி வறுத்துப் போடறியாமே?"

"விடுதி வெச்சிருக்கேன் லூக். வர்றவங்க கொள்ளுத்தாத்தா யாருன்னு கேட்டுட்டுத்தானா ரொட்டி வெட்ட முடியும்?"

"முட்டையும் உண்டா?"

"ரெண்டு."

"நல்லா கவனிச்சுக்கோ. அப்புறம் உன் வீட்டையும் எடுத்துக்கப் போறான்."

மறுநாள் பேருந்து இல்லாததால் ராயை அவளே காரில் அருவிக்குக் கூட்டிப்போனாள். எதிரே வந்த டிராக்டர்காரன் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். ராயும் விரலைத் தூக்கினார். சாரல் முகத்தில் அடிக்க அருவியைக் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, காருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மிசஸ் மெலட், எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்க ஆளுங்க என்ன பண்ணாங்கன்னு. தாத்தா சொல்லியிருக்கார். அப்ப அவர் சின்னப் பையன். பள்ளிக்கூடத்துல அவர் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்களாம். கனடாவுல அவர் தெருவுல போற வர்ற எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவார். முன்பின் தெரியாத ஆளுக்கும். யாராவது கவனிக்காம போயிட்டா வீட்டுக்கு வந்து படுத்துக்குவார். சாப்பிட மாட்டார். எங்க பாட்டிக்கு அது பைத்தியமாட்டம் தெரிஞ்சுது."

அட்ராக்டா கண்ணாடி துடைப்பானைப் போட்டாள். அது இரண்டு முறை போய்வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஊரெல்லாம் கேட்டீங்க?"

"மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். மறந்திருந்தா யாராவது சட்டுனு வழி சொல்லியிருப்பாங்க."

அவள், "நான் லவெல் வீட்டுப் பொண்ணு" என்றாள்.

அவருக்கு முதலில் காதில் விழவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் வண்டியைத் திருப்பினாள், ஊர்ப்பக்கம் அல்ல, அண்ணன் வீட்டுப் பக்கம்.

லூக் இரண்டு கையிலும் தீவன வாளியோடு முற்றத்தில் நின்றிருந்தான். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் ராய் ஹெவரின்."

"தெரியும். ஊரெல்லாம் தமுக்கடிச்சாச்சே."

"அந்த வீட்டை ஒரு தடவை பாக்கலாமா?"

லூக் வானத்தைப் பார்த்தான். "எங்கப்பா இருந்திருந்தா இந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டார். நான் திறக்கறேன். மாட்டுக்குத் தீனி வைக்கணும், எப்படியும் திறந்துதான் ஆகணும். கறுப்புக்காரி முட்டுவா, ஓரமாப் போங்க."

ராய் குனிந்து உள்ளே போனார். அட்ராக்டா வாசலிலிருந்து பார்த்தாள். சாணிக்கும் வைக்கோலுக்கும் நடுவில், கரி படிந்த பழைய அடுப்புச் சுவரின் முன்னால் அவர் நின்றார். ஒரு கன்று அவர் கோட்டை நக்கியது. அதை அவர் தடுக்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் அவளுடைய முன்னோர்களும் குளிர் காய்ந்திருப்பார்கள், அவருடைய தாத்தாவும் காய்ந்திருப்பார். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பால் கறக்க வந்துபோன இடம், அதை ஒரு வீடு என்று நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்த ராய், "எங்க குடும்பம் செஞ்சதுக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க" என்றான் லூக். "நீங்க மன்னிப்புக் கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லியாகணும். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அது உங்க காதுல விழக்கூடாது."

ராய் கையை நீட்டினார். லூக் அந்தக் கையைப் பார்த்தான். வாளிகளைக் கீழே வைக்கவில்லை.

"பாத்துப் போங்க. வாசல் கேட் பக்கத்துல வழுக்கும்" என்றான்.

வண்டியில் ஏறிய பிறகு அட்ராக்டாவுக்கு அண்ணன்மேல் கோபம் பொங்கியது. "அவன் அப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"பேசினாரே" என்றார் ராய். அவர் குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது. "என்கிட்ட பேசினாரே மிசஸ் மெலட்."

வெள்ளிக்கிழமை காலை அவர் கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூக் வழக்கம்போல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இறைச்சியை வெட்டிக்கொண்டே, பெயர் சொல்லாமல் கேட்டான்: "அவன் எங்க உக்காந்து சாப்பிட்டான்?"

"நீ உக்காந்திருக்கற நாற்காலியிலதான்."

லூக் மெல்லுவதை நிறுத்தினான். நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை பார்த்தான். எழுந்திருப்பான் என்றுதான் அட்ராக்டா நினைத்தாள்.

"உருளைக்கிழங்கு இன்னும் ரெண்டு இந்தப் பக்கம் தள்ளு" என்றான் அவன்.