தூங்கினோம் சார்

காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன் எங்கள் கம்பெனியில் ஒரு கூத்து நடக்கும். டிரைவர்கள் வரிசையாக நிற்பார்கள். "எல்லாரும் நல்லாத் தூங்கினீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். "தூங்கினோம் சார்" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். இதற்குப் பெயர் பாதுகாப்புக் கூட்டம். எந்த வேன் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து, ஜன்னல் வழியாகச் சாவி கொடுப்பது என் வேலை. பார்த்துப் பார்த்து எனக்குப் புளித்துப்போய்விட்டது.

கத்துவதில் முதல் ஆள் வெண்கலம். அந்தக் குரலுக்காகவே அப்படியொரு பெயர். போன மாதம் ஒருநாள், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடும் மூத்த டிரைவர் மட்டும், "கண்ணு எரியுது சார், சரியாத் தூங்கல" என்றார். சூப்பர்வைசர் வாய் திறப்பதற்குள் வெண்கலம் முந்திக்கொண்டான்.

"பெரியப்பாவுக்கு ஒரு தொட்டில் கட்டுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள், சூப்பர்வைசரும்தான். பெரியப்பாவும் அசடு வழியச் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மதியம் அவருடைய வேன், ஓரமாக நின்றிருந்த லாரிக்கு அடியில் போய்ச் செருகியது. பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லையாம். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பதில் மட்டும் இன்னும் சத்தமாக வந்தது.

அந்த வரிசையில்தான் என் கணவரும் நிற்கிறார். நேற்று இரவு மகளுக்கு மூச்சிரைப்பு. விடிய விடிய அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். லீவு போடுங்கள் என்று கெஞ்சினேன். "லீவு கேட்டா எனக்கும் தொட்டில்தான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்று காலை கேள்வி வந்தது. அவர் வாயும் "தூங்கினோம் சார்" என்று அசைந்ததைப் பார்த்தேன். ஜன்னலில் கையை நீட்டினார். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"தர மாட்டேன்."

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காத. குடு."

"மானம் போனாப் போகட்டும். நீங்க எனக்கு வேணும்."

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். "வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கக் கூடாதாம்மா?"

"சார், இவர் ராத்திரி பொட்டுக்கூடத் தூங்கல. உங்ககிட்ட பொய் சொல்றார். நீங்க கேக்கிற கேள்விக்கு இங்க வேற பதிலே கிடையாது."

கணவர் விறுவிறுவென்று உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன் சார். இவ சும்மா..."

அந்த வாக்கியம் முடியவில்லை. தலை சுவரில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. சண்டைக்கு நடுவிலேயே தூங்கிப்போயிருந்தார். இந்த மனிதர் கையிலா வேனைக் கொடுக்க இருந்தோம் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. சூப்பர்வைசர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னலில் வெண்கலம் வந்து நின்றான். தொட்டில் என்று வாயைத் திறக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுகிறேன் என்று காத்திருந்தேன். அவன் முன்னமே வாங்கியிருந்த தன் வேன் சாவியை என் முன்னால் வைத்தான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இதையும் வச்சுக்குங்க அண்ணி. பெரியப்பா போனதுல இருந்து நானும் தூங்கல."