இருபத்துநான்கு புள்ளி ஏழு

எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தேதி. அதற்குக் கீழே இரண்டே சொற்கள்: இது தேறாது.

என் புத்தகங்கள் அந்த அலமாரியில்தான் இருந்தன. ஒன்பது வருடங்கள், தினமும் காலை ஏழரை மணிக்கு, அந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் பாடப்புத்தகத்தை எடுத்தேன்.

அதைச் சொன்னவர் என் மூன்றாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் அவருக்கு இஸ்திரி மிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய உடையில் ஒரு சுருக்கம் இருக்காது. முகத்திலும் இருக்காது.

ஒருநாள் வகுப்பில், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்து நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். அன்று மாலை பெற்றோர் கூட்டம். அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள்.

"ஒத்தப் பிள்ளைன்னு பொத்திப் பொத்தி வளர்த்திருக்கீங்க," என்றார் மிஸ். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துருமாம். நானும் மூணு மாசமா பாக்கறேன். இது தேறாது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னை வெளியே கூட்டிவந்தாள். தெருமுனையில் நின்று கேட்டாள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியும். நூறு."

"அப்ப ஏன் சொல்லல?"

"வரலம்மா."

அம்மா திரும்பிப் பள்ளியின் இரும்புக் கதவைப் பார்த்தாள். "இனிமே நீ அங்க போக வேணாம்," என்றாள். "கடைசிப் பரீட்சைக்கு மட்டும் போவோம்."

அந்த மாதமே அவள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தனித்தேர்வராக இறுதித் தேர்வை எழுதலாம். எங்களுக்குத் தேர்வு மையம் அதே பள்ளிதான். பள்ளி முகப்பில் ஒரு பெரிய மரப்பலகை இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த மையத்தில் முதலிடம் வாங்குபவரின் பெயரை அதில் பொன்னிற எழுத்தில் எழுதுவார்கள். தனித்தேர்வர் முதலிடம் வாங்கினாலும் எழுதியே ஆகவேண்டும்.

"ஸ்டாஃப் ரூம் போறதுக்கு அந்த வழிதான்," என்றாள் அம்மா. "தினமும் அந்தம்மா உன் பேரைப் பாத்துட்டுத்தான் உள்ள போகணும்."

இப்படித்தான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. காலை ஏழரையிலிருந்து ஒருமணிவரை பாடம். இரண்டு மணிக்கு அம்மா மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவாள். நானும் கூடவே போய், அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் அம்மா மறுநாள் பாடத்தைப் படித்துத் தயாராவாள். அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். என் பாடம் முழுவதையும் எனக்கு ஒருநாள் முன்னால் அவள் படித்தாள்.

எனக்கு வாசிப்புப் பயிற்சி மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களில்தான். எறும்பு சைஸ் எழுத்து. "ஒரு வரி விடாம படி," என்பாள் அம்மா. "விட்ட வரியிலதான் விஷயம் இருக்கும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. மாதத் தேர்வு முடிந்தால் வாசலில் நின்று கேட்பார்: "என்ன ரேங்க்கு? முதல் ரேங்க்கா? கடைசி ரேங்க்கு யாரு? அதுவும் நம்ம வீடுதானா? சபாஷ்."

சித்திக்கு அந்த அளவுகூடப் பொறுமை இல்லை. "ஏன்க்கா, ஒரே ஒரு பிள்ளை. அதையும் ஜாடிக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கியே. நாளைக்கு வெளிய எடுத்தா பேசுமா?"

"பேச வேணாம். எழுதினா போதும்," என்றாள் அம்மா.

எனக்குத் தோழிகள் இல்லை. இஸ்திரி மிஸ் இருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், அவரை நினைக்காமல் நான் ஒரு கணக்கும் போட்டதில்லை. பலகைக்கு முன்னால் அவர் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பெயரைப் படிப்பார். முகத்தில் முதல் சுருக்கம் விழும். கடினமான கணக்கு என்றால் இரண்டு சுருக்கம். பதினைந்து வயதில் அந்த முகத்தை நான் கசக்கிய காகிதம்போல ஆக்கிவைத்திருந்தேன். அம்மா கோபத்தில் தொடங்கினாள். எனக்கு அது ருசியாகிவிட்டது.

செய்முறைத் தேர்வுதான் எங்களுக்குச் சிக்கல். வேதியியலில் பியூரெட் என்று ஒரு கருவி உண்டு. நீளமான கண்ணாடிக் குழாய். உடம்பெல்லாம் அளவுக்கோடு, அடியில் ஒரு திருகு. அதிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று படிக்க வேண்டும். பியூரெட் எங்களிடம் இல்லை. அம்மா கடையிலிருந்து ஐம்பது மில்லி சிரிஞ்ச் ஒன்று கொண்டுவந்தாள். உள்தண்டை உருவிவிட்டு, முனை கீழே வரும்படி கவிழ்த்த ஸ்டூலின் காலில் அதைக் கட்டினாள். குளுக்கோஸ் ஏற்றும் குழாயை முனையில் மாட்டினாள். அதிலிருக்கும் சின்னச் சக்கரம்தான் எங்கள் திருகு. வினிகரும் சமையல் சோடாவும், நிறத்துக்கு ஊதா முட்டைக்கோஸ் சாறும். இரண்டு வருடம் அதில் பழகினேன். ஒரு சொட்டு பிசகாமல் நிறுத்துவேன்.

சிரிஞ்சில் பூஜ்யம் கீழே இருக்கும். எண்கள் மேல்நோக்கி ஏறும். பியூரெட்டில் பூஜ்யம் மேலே. இது எங்கள் இருவருக்கும் தெரியும், புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் என் கண் இரண்டு வருடமாகச் சின்னக் கோடுகளைக் கீழிருந்து எண்ணிப் பழகியிருந்தது. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தேர்வு நாளன்று ஆய்வகத்தில் இஸ்திரி மிஸ் இருந்தார். இப்போது வேதியியல் துறைக்கு அவர்தான் தலைமை. அடுத்த ஆண்டு பள்ளிக்கே தலைமையாசிரியை ஆகப்போகிறார் என்று அம்மா விசாரித்து வைத்திருந்தாள். தலை நரைத்திருந்தது. உடை அப்படியேதான்.

"பிரைவேட்டா? கடைசி மேஜை," என்றார் என்னைப் பார்த்து. அவ்வளவுதான்.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர் ஆசிரியர் மேற்பார்வை மட்டும்தான் செய்ய வேண்டும், தேர்வரிடம் பேசக்கூடாது. அது விதி. ஆனால் இஸ்திரி மிஸ் மேஜை மேஜையாக நடந்தார். ஒரு மாணவியின் அருகே நின்று லேசாக இருமினார். அவள் உடனே குடுவையை மாற்றினாள். இன்னொருத்தியின் மேஜையை விரலால் தட்டினார். எல்லா வருடமும் நடப்பதுதான்போல, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் மூன்றுமுறை செய்தேன். மூன்றுமுறையும் நிறம் ஒரே இடத்தில் மாறியது. இருபத்துநான்கு புள்ளி ஏழு என்று மூன்றுமுறையும் பேனாவால் எழுதினேன்.

மிஸ் என் பின்னால் வந்து நின்றார். குனிந்து குழாயைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். பிறகு காதருகே, மூச்சளவுக் குரலில் சொன்னார்: "மேலேர்ந்து எண்ணு."

நகர்ந்துவிட்டார்.

நான் பார்த்தேன். திரவம் நின்ற இடம் இருபத்தைந்திலிருந்து மேலே ஏழு கோடு. இருபத்துநான்கிலிருந்து கீழே மூன்று கோடு. சரியான விடை இருபத்துநான்கு புள்ளி மூன்று. அடித்துவிட்டு மேலே எழுதினால் போதும். மூன்று மதிப்பெண். பலகையில் என் பெயர்.

பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அது உறைத்தது. அவருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. யாரென்றே தெரியாமல் உதவினார். அன்றைக்கும் யாரென்றே தெரியாமல்தான் சொல்லியிருப்பார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டிருப்பார். என் ஒன்பது வருடத்துக்கும் காரணம் அதுதான். இப்போது பலகையில் பெயர் வந்தால் அதிலும் அவர் கை இருக்கும்.

நான் அடிக்கவில்லை. பேனாவை மூடினேன்.

முடிவில் தேர்வாளர் ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுக் கிளம்புங்கப்பா. டீ ஆறுது."

எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நான் படித்தேன். ஒரு வரி விடாமல். நான்காவது வரி: தேர்வு நேரத்தில் எவரேனும் உங்களுக்கு உதவ முயன்றார்களா? ஆம், இல்லை. ஆம் எனில் விவரம்.

விடையை மாற்றியிருந்தால் நாங்கள் இருவருமே குற்றவாளிகள். மாற்றாததால் அவர் மட்டும். இதை யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

'ஆம்' என்பதில் குறியிட்டேன். அவர் பதவியை எழுதினேன், நேரத்தை எழுதினேன், காதருகே சொன்ன இரண்டு சொற்களை அப்படியே எழுதினேன். எனக்குக் குரல்தான் வராது. கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

தேர்வாளர் பார்க்காமலேயே உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. அம்மா பதறிவிட்டாள். "பாத்தியா? நீ நல்லா எழுதினது பொறுக்காம அந்தம்மாதான் ஏதோ கிளப்பி விட்டிருக்கா," என்றாள். நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

பள்ளி அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள். எதிரே இஸ்திரி மிஸ். மேஜைமேல் என் மஞ்சள் தாள். அதிகாரி அதை வாசிக்கக் கேட்டபோது அம்மாவின் கை என் கையிலிருந்து மெல்ல நழுவியது.

"நீங்க இந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேறு சாட்சி கிடையாது. மிஸ் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பேசினேன் சார். எல்லாம் அவ்வளவு சுத்தமா செஞ்சிருந்தா. கீழேர்ந்து எண்ணிட்டா. சின்னத் தப்பு. மனசு கேக்கல."

"விதி தெரியுமில்ல?"

"தெரியும்."

அதிகாரி என் விடைத்தாளைப் புரட்டினார். "பொண்ணு மாத்தல. அதனால அவ ரிசல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது." என் பக்கம் திரும்பினார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

நான் எழுந்து நின்றேன். தொண்டை அடைக்கும் என்று காத்திருந்தேன். அடைக்கவில்லை.

"தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும் மிஸ்," என்றேன்.

"என்னம்மா சொல்றே?" என்றார் அதிகாரி.

மிஸ்ஸுக்கும் புரியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்பது வருடமாக வரைந்து வைத்திருந்த முகம் அது இல்லை. வெறும் களைப்புதான் இருந்தது. அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும்தான் புரிந்தது. அம்மா தலைகுனிந்துகொண்டாள்.

இஸ்திரி மிஸ்ஸைத் தேர்வுப் பணிகளிலிருந்து நீக்கினார்கள். தலைமையாசிரியை பதவி கணக்கு ஆசிரியருக்குப் போனது. முடிவுகள் வந்தபோது நான் இரண்டாமிடம். முதலிடத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. பலகையில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரை எழுதினார்கள்.

அன்று அம்மா கடைக்குப் போகவில்லை. மதிப்பெண் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். செய்முறை என்ற இடத்தில் முப்பதுக்கு இருபத்தேழு என்று இருந்தது.

"அவங்க உனக்கு நல்லதுதானடி செஞ்சாங்க."

"ஆமா."

"நீ மாத்தியிருந்தா முதலிடம்."

"ஆமாம்மா."

"மாத்தாட்டியும் போகுது. எழுதிக் குடுக்காமயாவது இருந்திருக்கலாமில்ல?" அம்மாவின் குரல் உடைந்தது. "நான் உனக்கு இதையா சொல்லிக் குடுத்தேன்?"

"தினமும்," என்றேன். "ஏழரை மணிக்கு."

அப்பா வாசலில் நின்றிருந்தார். ரேங்க்கைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஒன்பது வருடப் பசை. தாளின் ஓரம் பழுப்பேறிக் கதவோடு ஒன்றியிருந்தது. நகத்தால் சுரண்டி ஒரு மூலையைக் கிளப்பினாள்.

"விடும்மா," என்றேன். "அது என்னுது."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வகுப்பில் நின்ற பிள்ளைபோல அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவள் கையை எடுத்தபிறகு, கிளம்பியிருந்த அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். ஒட்டியதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.